தூங்கி எழுந்த லேப்டாப் என்ன சொல்லுது?



இந்த மாத சுவர் இதழில் லேப்டாப் பற்றி எழுதப் போகிறேன். "லேப்டாப்பா? அது பெரிய ஸ்கூல் பசங்க சமாச்சாரம் ஆச்சே" என்று தாண்டிப் போய்விடாதீர்கள். நம்ம உத்திரமேரூர் பக்கத்தில் பீரோ மேல துண்டு போத்தி ஒரு லேப்டாப் வெச்சிருக்கிற வீடு நிறைய இருக்கு. பெரும்பாலும் அது அக்காவோ அண்ணனோ வாங்கிய அரசு லேப்டாப். விலையில்லா மடிக்கணினித் திட்டம் 15.9.2011 அன்று அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதாவால் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கி வைக்கப்பட்டது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து கொடுத்தது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படித்த லட்சக்கணக்கான அக்கா, அண்ணன்களுக்கு அது கிடைத்தது. 2025 பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு வருடத்தில் லேப்டாப் அல்லது டேப்லெட் தரப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. அதனால் புதிய லேப்டாப்பும் நம் தெருக்களுக்கு வரும். ஆனால் நான் சொல்லப் போவது பழையதைப் பற்றி.

பழைய லேப்டாப்பை ஏன் பீரோ மேல வெச்சிட்டாங்க என்று நான் நாலு வீட்டில் கேட்டேன். நாலு வீட்டிலும் ஏறக்குறைய ஒரே பதில்தான். "மூடி வெச்சிட்டுத் திறந்தா என்னமோ இங்கிலீஷ்ல வருதும்மா. கெட்டுப் போச்சு போல." என்ன வந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. படிக்கவே இல்லை. பயந்து பட்டனை அமுக்கி ஆஃப் பண்ணிவிட்டார்கள். அந்த இங்கிலீஷ் வரிகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தூக்கம் என்றால் என்ன?

லேப்டாப்பை மூடினால் அது ஆஃப் ஆவதில்லை. தூங்கப் போகிறது. இதற்கு ஸ்லீப் மோடு என்று பெயர். மூடாவிட்டாலும், கொஞ்ச நேரம் யாரும் தொடவில்லை என்றால் அதுவே தூங்கிவிடும். அப்போது திரை அணைந்துவிடும், ஹார்டு டிஸ்க் நின்றுவிடும். ஆனால் நாம் பாதியில் விட்ட வேலை எல்லாம் ரேம் என்ற நினைவகத்தில் இருக்கும். அந்த ரேமுக்கு மட்டும் கொஞ்சூண்டு கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் திறந்தவுடன் விட்ட இடத்திலிருந்து வேலை தொடர்கிறது.

இன்னொரு தூக்கம் இருக்கிறது. அதற்கு ஹைபர்னேட் என்று பெயர். இதில் ரேமில் இருப்பதை எல்லாம் ஹார்டு டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு லேப்டாப் முழுசாக நின்றுவிடும். கரண்டே தேவையில்லை. எழுந்திருக்க மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் குடவோலைத் தேர்தல் விதிகளை வெட்டி வைத்தார்கள். அன்றைக்குக் குடத்தில் போட்ட ஓலைகள் இன்றைக்கு நம் கையில் இல்லை. கல்லில் வெட்டிய விதிகள் 1,100 வருடம் தாண்டியும் நிற்கின்றன. ரேம் ஓலை மாதிரி, ஹார்டு டிஸ்க் கல் மாதிரி. ஸ்லீப் என்றால் ஓலையைக் கையில் பிடித்துக்கொண்டே தூங்குவது. கரண்ட் போனால் கை நழுவிவிடும். ஹைபர்னேட் என்றால் கல்லில் வெட்டிவிட்டுத் தூங்குவது.

இப்போது புரிகிறதா, நம் வீட்டு லேப்டாப்புகள் தூங்கி எழுந்தால் ஏன் தடுமாறுகின்றன என்று? ஏழெட்டு வருடப் பழைய பேட்டரி. சார்ஜரைப் பிடுங்கினால் ஐந்து நிமிஷம் கூட நிற்காது. ராத்திரி லேப்டாப் தூங்கும்போது கரண்ட் போனால் ரேமில் இருந்தது அவ்வளவும் போய்விடும். காலையில் அது எழுந்திருக்கும்போது நேற்று என்ன நடந்தது என்றே அதற்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் வீட்டு லேப்டாப் அக்காவுக்கு 2018-இல் பள்ளியில் கொடுத்தது. அக்கா இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள், ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். லேப்டாப்பை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். எங்க அம்மா மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதுபவர். குழுவில் 13 பேர். கடனுக்காக மூன்று வருட சேமிப்புக் கணக்கு, கடன் திருப்பிய கணக்கு எல்லாவற்றையும் டைப் செய்து பிரின்ட் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா நோட்டைப் பார்த்துப் படிக்க, நான் லிப்ரே ஆபீஸில் கட்டம் கட்டமாக அடித்தேன். இரண்டு ராத்திரி வேலை.

இரண்டாவது ராத்திரி பன்னிரண்டு பேர் கணக்கு முடிந்து பதிமூன்றாவது ஆள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்போது கொட்டகையில் மாடு கத்தியது. கன்னு போடுகிற நேரம்! எல்லோரும் ஓடினோம். கன்னு விழுந்து, அது எழுந்து நின்று, பால் குடித்து முடிக்க நடுராத்திரி ஆகிவிட்டது. (கிடாரிக் கன்றுதான்!) அதற்குள் லேப்டாப் தானாகத் தூங்கிவிட்டது. அப்புறம் மழை வந்து கரண்டும் போய்விட்டது. விடிந்துதான் வந்தது.

காலையில் ஆன் பண்ணினால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. அப்பா பார்த்துவிட்டு, "இதத் தொடாதம்மா. பழைய சாமான் கடையில போட்டா ஆயிரமாவது குடுப்பான்" என்றார். ஆயா திண்ணையில் இருந்து, "தூங்கறதத் தட்டி எழுப்பினா அதுக்குக் கோவம் வராதா?" என்று கேட்டது. அம்மா ஒன்றும் பேசவில்லை. அன்றைக்குப் பதினோரு மணிக்கு அம்மா அந்தக் கணக்கோடு போக வேண்டும். பன்னிரண்டு பேருக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை அம்மா முகத்தில் தெரிந்தது.

நான் அக்காவுக்குப் போன் போட்டேன். ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "பாப்பா, ஆஃப் பண்ணாத. என்ன எழுதியிருக்குன்னு எழுத்து எழுத்தாப் படி" என்றாள். படித்தேன். "செக் டேட் அண்ட் டைம் செட்டிங்ஸ்" என்று இருந்தது. அவ்வளவுதான்! தேதியையும் நேரத்தையும் சரிபார் என்று அர்த்தம். இந்த ஐந்து வார்த்தைக்கா இவ்வளவு பயந்தோம் என்று ஆகிவிட்டது.

தேதியைச் சரி செய்து உள்ளே போனேன். லிப்ரே ஆபீஸைத் திறந்ததும் அடுத்தது வந்தது. மேலே "டாக்குமென்ட் ரிகவரி". உள்ளே நீளமான இங்கிலீஷ். அதில் "கிராஷ்" என்ற வார்த்தையைப் பார்த்ததும் அப்பா, "ஆக்சிடென்ட்னு போட்டிருக்கு பாரு" என்றார். கீழே இரண்டு பட்டன். ஒன்றில் "ரிகவர்" என்றும், இன்னொன்றில் "டிஸ்கார்ட்" என்றும் இருந்தது. அக்கா போனை வைத்துவிட்டாள், பஸ் ஏறியிருப்பாள். அம்மா, "ஏதோ ஒண்ண அமுக்குடி, நேரமாவுது" என்றார்.

நான் அமுக்கவில்லை. பையில் இருந்த இங்கிலீஷ்–தமிழ் அகராதியை எடுத்தேன். ரிகவர் என்றால் மீட்டெடுத்தல். டிஸ்கார்ட் என்றால் வேண்டாம் என்று எறிந்துவிடுதல். யோசித்துப் பாருங்கள், ஒரு பட்டனில் 13 பேர் கணக்கு திரும்ப வரும், இன்னொன்றில் ஒரேயடியாகப் போய்விடும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நடுவில் நிற்பது ஒரு வார்த்தையின் அர்த்தம்தான்.

ரிகவர் அமுக்கினேன். கணக்கு வந்தது! லிப்ரே ஆபீஸ் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை தானாகவே ஒரு நகல் எடுத்து ஹார்டு டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுமாம். பதிமூன்றாவது ஆளின் கடைசி சில வரிகள் மட்டும் இல்லை. அம்மா நோட்டைப் படிக்க, கால் மணி நேரத்தில் அடித்து முடித்தேன். பென் டிரைவில் போட்டு, பஜாரில் பிரின்ட் எடுத்து, பதினோரு மணிக்குள் அம்மா போய்விட்டார். அன்று சாயந்திரம் அப்பா பழைய சாமான் கடை பற்றிப் பேசவில்லை.

என் மெசேஜ் நோட்டு

அன்றிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் வருகிற மெசேஜை எல்லாம் எழுதி வைக்கிறேன். என்ன வந்தது, அர்த்தம் என்ன, என்ன செய்தோம் என்று மூன்று கட்டம். அதிலிருந்து சில:

1. "செக் டேட் அண்ட் டைம் செட்டிங்ஸ்"

லேப்டாப்புக்குள் வாட்ச் செல் மாதிரி காசு அளவில் ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. 3 வோல்ட். வேறு கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்து, பெரிய பேட்டரியும் செத்து, கரண்டும் போனால் லேப்டாப்புக்கு நாள் கிழமை மறந்துவிடும். எங்கள் லேப்டாப் பல வருடம் பின்னால் போய் நின்றது. தேதி தப்பாக இருந்தால் இன்டர்நெட்டும் சரியாகத் திறக்காது. குரோமில் "யுவர் க்ளாக் இஸ் பிஹைண்ட்" என்று வரும். பாதுகாப்பான வெப்சைட்டுகளுக்கு ஒரு சான்றிதழ் உண்டு. அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். லேப்டாப்பின் தேதி அதற்குள் வராவிட்டால் சந்தேகப்பட்டு நிறுத்திவிடும். ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷன் திறக்கவில்லை என்றால் முதலில் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். எங்களுக்குக் கடையில் அந்தச் சின்ன செல் மாற்ற நூறு ரூபாய்தான் ஆனது.

2. "டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்"

இது நீலத் திரையில் வருவது. பார்த்தால் அடிவயிறு கலங்கும். இந்த டிரைவர் பஸ் டிரைவர் இல்லை. வைஃபை, சவுண்டு, பிரின்டர் என்று ஒவ்வொரு பாகத்தையும் ஓட்டுகிற சின்ன புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். காலையில் நம் வீட்டில் அம்மா எழுந்து ஒவ்வொருத்தரையாக எழுப்புவார் இல்லையா? அப்படித்தான் விண்டோஸும் ஒவ்வொரு டிரைவரையும் எழுப்பும், தூங்கவும் வைக்கும். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்று கம்பெனிகளும் சேர்ந்து 1996-இல் இதற்கு ஏ.சி.பி.ஐ. என்று ஒரு பொது விதிமுறையே வெளியிட்டன. அதில் ஒரு டிரைவர் மட்டும் கூப்பிட்டும் பதில் சொல்லாவிட்டால், கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு விண்டோஸ் எல்லாவற்றையும் நிறுத்தி நீலத் திரை காட்டும்.

எங்கள் வீட்டில் இது யூஎஸ்பி வைஃபை டாங்கிள் செருகியிருந்தபோது மட்டும் வந்தது. தூங்க விடுமுன் அதைப் பிடுங்கினோம். அப்புறம் வரவில்லை. உள்ளேயே இருக்கிற வைஃபையால் வந்தால், டிவைஸ் மேனேஜரில் அந்த வைஃபையின் பெயரைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், கரண்டை மிச்சம் பிடிக்க இதை ஆஃப் செய்யலாம் என்று இருக்கிற டிக்கை எடுத்துவிட வேண்டும். டிரைவரைப் புதுப்பிப்பதும் உதவும்.

3. "யூஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு"

தூங்கி எழுந்த லேப்டாப்புக்கு மவுஸையோ பென் டிரைவையோ அடையாளம் தெரியவில்லை. கழற்றி, பத்து எண்ணி, மறுபடி செருகுங்கள். அப்படியும் இல்லை என்றால் வேறு ஓட்டையில் செருகுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் ரீஸ்டார்ட்.

4. ஒன்றுமே வராதது

ஃபேன் சத்தம் கேட்கும், லைட் எரியும், திரை மட்டும் இருட்டு. விண்டோஸ் 10, 11 என்றால் விண்டோஸ் படம் போட்ட கீ, கன்ட்ரோல், ஷிப்ட், பி நான்கையும் சேர்த்து அமுக்கவும். படம் காட்டுகிற டிரைவர் மறுபடி தொடங்கும், திரை ஒரு தடவை கண் சிமிட்டும். நமக்குப் பலமுறை இதிலேயே வந்துவிட்டது. வரவே இல்லை என்றால் மட்டும்தான் பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கி ஆஃப் செய்ய வேண்டும். அது கடைசி வழி, முதல் வழி இல்லை.

5. போன் நம்பர் போட்டு வருவது

இது உண்மையான மெசேஜே கிடையாது! பிரவுசரில் திடீரென்று சைரன் சத்தத்தோடு "வைரஸ் வந்துவிட்டது, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்" என்று வரும். விண்டோஸின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. கூப்பிடாதீர்கள், ஓ.டி.பி. சொல்லாதீர்கள், பிரவுசரை மூடிவிடுங்கள். யாராவது பணம் ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

வராமல் தடுக்க ஒரு வழி

பெரிய பேட்டரி புதிதாக வாங்க ஆயிரக்கணக்கில் செலவு. எங்கள் வீட்டில் இப்போது முடியாது. அதனால் அக்கா ஒரு வழி சொன்னாள். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ். அதில் மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் இடம் இருக்கிறது. அங்கே ஸ்லீப் என்று இருப்பதை ஹைபர்னேட் என்று மாற்றிவிட வேண்டும். ஹைபர்னேட் அந்தப் பட்டியலில் இல்லை என்றால் ஷட் டவுன் வையுங்கள். சும்மா விட்டால் தானாகத் தூங்குகிற நேரத்தையும் நெவர் என்று வைத்துவிடலாம். அன்றிலிருந்து எங்கள் லேப்டாப் ஓலையை நம்புவதில்லை. கல்லில் வெட்டிவிட்டுத்தான் தூங்குகிறது. பேட்டரி செத்த லேப்டாப்பும் கரண்ட் இருக்கிற வரை நன்றாகவே உழைக்கும்.

நான் சொல்ல வந்தது

தோழிகளே, நம் வீடுகளில் "பொம்பளப் புள்ள, அதுல கைய வெக்காத, கெட்டுடும்" என்று சொல்வார்கள். அண்ணன் தம்பி தட்டினால் கற்றுக்கொள்கிறான் என்பார்கள். சண்டை போடச் சொல்லவில்லை. மெசேஜைப் படித்து அர்த்தம் சொல்லிப் பாருங்கள், அப்புறம் அவர்களே நம்மைக் கூப்பிடுவார்கள். இப்போது எங்கள் குழுவில் இன்னொரு அத்தை தன் மகனுடைய லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, "இது இன்னா சொல்லுதுன்னு படிச்சுச் சொல்லு கண்ணு" என்கிறார்.

இங்கிலீஷ் பீரியடில் நாம் மனப்பாடம் செய்கிற வார்த்தைகளை விட இந்த மெசேஜில் வருவது அதிகம் ஒன்றும் இல்லை. ரிகவர், டிஸ்கார்ட், ஃபெயிலியர், ரெகக்னைஸ், பிஹைண்ட். ஐந்து வார்த்தை தெரிந்தால் பாதி பயம் போய்விடும். மீதிக்கு அகராதி இருக்கிறது, நம் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். என்ன வந்தாலும் அவசரப்பட்டு ஆஃப் பண்ணாமல் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதி எடுத்துப் போனால் கடைக்காரரும் "என்ன ஆச்சு?" என்று நம்மை மிரட்ட முடியாது, நமக்கே தெரியுமே.

இந்தத் தாளுக்குக் கீழே ஒரு ஜாண் இடம் காலியாக விட்டிருக்கிறேன். உங்கள் வீட்டு லேப்டாப்பிலோ போனிலோ வந்து புரியாமல் போன மெசேஜை, பென்சிலால் அப்படியே எழுத்து மாறாமல் எழுதி வையுங்கள். அடுத்த இதழ் வருவதற்குள் அகராதி பார்த்து, அக்காவைக் கேட்டு, தெரிந்த வரை தமிழில் பதில் எழுதி ஒட்டுகிறேன். உங்களுக்குத் தெரிந்த பதில் இருந்தால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம், நீங்களே எழுதிவிடுங்கள்.



– 9-ஆம் வகுப்பு மாணவி